மார்கழிக்கு முன் வந்த நாய்

ஞாயிறு 25-11-84

விடியும்போதே மழை. கொடியில் போட்டது போட்டபடி ஈரம். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு முதல் ஞாயிறு, எட்டு மணி வரைக்கும் படுத்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்.

பத்து மணி வாக்கில் லோரி. முன்னால் மாப்பிள்ளை மாணிக்கமும் லோரி ஓட்டும் அவருடைய சிநேகிதரும். பின்னால் படுதாவுக்குள் கட்டில், விசிறி, இரண்டு கருவிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் அது.

"ஒரு நாய் இருக்கு" என்று பெண் பார்க்க வந்த அன்று சொல்லியிருந்தார். போன வாரம், "கொஞ்சம் பெரிசு." கொஞ்சமாம். தலை என் இடுப்புக்கு வருகிறது. கறுப்பும் பழுப்பும். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. பக்கத்து லயத்து லெட்சுமி குடையோடு வந்து பார்த்தாள். "நாயின்னீங்க டீச்சர், கன்னுக்குட்டி எறங்குது." மாப்பிள்ளைக்கு முன்னால் சீர் வந்துவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்ல அப்போதே கிளம்பிவிட்டாள்.

என் பூனை பொன்னி படியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பார்வை. அடுத்த நொடி அலமாரி உச்சி. அந்தக் குட்டை வால் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி. நாய் அண்ணாந்து பார்த்தது, குரைக்கவில்லை, பின்பக்கத்து அஞ்சடித் திண்ணையில் கட்டியதும் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

கல்யாணம் தை மாதம். அதற்குள் ஏன் இந்த ஊர்வலம் என்றால், ம.வின் அக்கா போட்ட சட்டம். வீட்டோடு இருக்கப்போவது எதுவானாலும் மார்கழி பிறப்பதற்குள் வாசலைத் தாண்டி வந்துவிட வேண்டும். மார்கழியில் எதுவும் குடிவரக் கூடாது. தை மாதம் தாலியோடு மாப்பிள்ளை வந்தால் போதும். ம. பத்தாங் காலித் தோட்டத்து ஒர்க்ஷாப் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டார். ஜனவரியில் இந்தப் பக்கம் செம்பனை ஆலையில் வேலை. அதுவரை சிநேகிதர் அறையில் ஒண்டிக்கொள்வார். அங்கே நாய்க்கு இடமில்லை.

கிளம்பும்போது சொன்னது: ஒத்து வரவில்லை என்றால் ஆற்றோரம் காய்கறி போடும் சீன முதலாளி தவுக்கே நாயைக் கேட்டிருக்கிறார். சொல்லும்போது நாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, லோரி டயரைப் பார்த்தார்.

பொன்னி எங்கேயும் போக மாட்டாள். இதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். ஒன்பது வருடமாக என்னோடு இருப்பவள். என் பக்கத்து நிபந்தனை அது ஒன்றுதான்.

லோரிக்காரர் வாய் தவறிச் சொன்னது: நாய் அந்த அம்மா வளர்த்தது. அதாவது முதல் மனைவி. இறந்து மூன்று வருடம் ஆகிறது. ம. உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவள் பெயர்கூட எனக்குத் தரகர் சொல்லித்தான் தெரியும். சரோஜா.

திங்கள் 26-11

மூட்டம். மழை இல்லை. துணி பாதி காய்ந்தது.

நாயின் பெயர் துரை. இதையும் ம. நேற்று லோரியில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் சொன்னார். இந்தத் தோட்டத்தில் மானேஜரைத் துரை என்றுதான் சொல்கிறோம். காலையில் நான் பின்வாசலில் நின்று, துரை உட்காரு, துரை இந்தா சாப்பிடு, அடம் பிடிக்காதே துரை என்று கெஞ்சிக்கொண்டிருக்க, வேலிக்கு வெளியே ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி சைக்கிளை நிறுத்திவிட்டார். விளக்கம் சொன்னேன். நம்பினாரா தெரியாது.

வைத்தவை:
சோறு, மீன் குழம்பு. தொடவில்லை.
ரொட்டி, பால். தொடவில்லை.
மீன் தலை, பொன்னியுடையது. தொடவில்லை.
தண்ணீர் மட்டும் வாளி வாளியாக.

தட்டை வைத்தால் தட்டைப் பார்ப்பதில்லை, வேலியைப் பார்க்கிறது. பத்தாங் காலி அந்தப் பக்கம் என்று நினைக்கிறதோ. அந்தப் பக்கம் கடல்.

பொன்னிக்கு அலமாரி மேல் சாப்பாடு. நாற்காலி போட்டு ஏறி நான் பரிமாறுகிறேன். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சீறினாள். இவ்வளவு நாளில் இதுதான் முதல் தடவை.

செவ்வாய் 27-11

வெயில்! போர்வையெல்லாம் துவைத்தாயிற்று.

துரை இன்றும் சாப்பிடவில்லை. விலா தெரிகிறதா, அல்லது என் கண்ணுக்கு அப்படியா.

லெட்சுமியின் வைத்தியம். புது இடத்துக்கு வந்த நாய்க்கு, சோறு போடுகிறவர் வியர்வை பட்ட உருண்டை கொடுக்க வேண்டும். அக்குளில் வைத்து எடுக்க வேண்டுமாம். அவள் அப்பா அப்படித்தான் நாய் பழக்குவாராம். நான் ஐந்தாம் வகுப்புக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறவள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன்.

துரை மோந்து பார்த்தது. மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. உருண்டையை லெ.யின் கோழிகள் தின்றன. இனி அந்தக் கோழிகள் என்னை விட்டுப் போகாது.

பொன்னி இன்று அலமாரியிலிருந்து ஜன்னல் கட்டை வரை இறங்கினாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அது. ஒரு முழு மத்தியானம் இவள் உறுமல். அது வாலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தது. சீறினாள். ஆட்டுவதை நிறுத்திவிட்டது. பாவமாக இருந்தது.

புதன் 28-11

மாலையில் இடி. ஆபீஸ் போய் போன். கிராணி ரிசீவரைக் கொடுத்துவிட்டு அங்கேயே ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

நாய் சாப்பிடவில்லை என்றேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருந்தார். எதையோ சொல்ல வருவது போல் தொண்டையைச் செருமிவிட்டு, "பழகிரும்" என்றார். பிறகு, சிரமப்பட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை லோரியைச் சொல்லித் தவுக்கேயிடம் விட்டுவிடலாம் என்றார். அதற்குப் பிறகு கேட்டார்: "பூன சாப்புடுதா?"

நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வரும் வழியெல்லாம் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் வளர்த்ததை இவ்வளவு சுலபமாக விட முடிகிறவர் என்னையும் ஒருநாள் விடுவாரோ என்று முதலில். பாலத்தைத் தாண்டுவதற்குள் வேறு பயம். சுலபமாக இல்லை, எனக்காகத்தான் விடுகிறார். விட்டால் ஆயுசுக்கும் மனதில் அது கிடக்கும். என் பூனைக்காக அவர் நாய் போயிற்று என்று வாயால் சொல்ல மாட்டார், சொல்லாமலே இருப்பார். அந்தச் சொல்லாமல் இருப்பதோடு ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது. அந்த நாய் இங்கே சாப்பிட்டாக வேண்டும். பொன்னியும் இங்கே இருந்தாக வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டும்.

முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொள்பவளுக்கு இவ்வளவு ஆசை ஆகாது என்று அண்ணி சொல்லுவாள். சொல்லட்டும்.

வியாழன் 29-11

எழுத வலது கை ஒத்துழைக்கவில்லை. காரணம் கீழே.

லெ.யின் வீட்டுக்காரர் யோசனை. பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாய் மூக்குக்கு நேரே காட்டுங்கள், ஒரு தடவை மோந்துவிட்டால் முடிந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொன்னியைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி எடுத்துப்போனேன். துரை எழுந்து நின்றது. அது எழுந்தால் எழுந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது.

இரண்டு கையிலும் கீறல். கழுத்தில் ஒன்று. பொன்னி என் தோளில் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து வேலி, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக் கூரை. கூப்பிட்டால் வரவில்லை. கருவாடு காட்டியும் வரவில்லை. மூன்றாம் வகுப்பு அறைக்கும் கூரைக்கும் நடுவே எங்கோ பதுங்கிவிட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மஞ்சள் மருந்து போட்டுவிட்டார். நாய் கடித்ததா என்று கேட்டார். பூனை என்றேன். நாய்தானே புதிது என்றார்.

மழை வந்துவிட்டது. அவள் இன்னும் வரவில்லை. துரைகூட எழுந்து உட்கார்ந்து கூரையையே பார்க்கிறது. தப்பு என்னுடையது. என்னை யாராவது தூக்கிக்கொண்டு போய் ஒருவர் மூக்குக்கு நேரே காட்டினால் நான் மட்டும் சும்மா இருப்பேனா?

வெள்ளி 30-11

வந்துவிட்டாள். காலையில் கதவைத் திறந்தால் படியில். நனைந்து, பாதியாக. ஒன்றும் நடக்காதது போல் உள்ளே நடந்து போனாள். நான்தான் அழுதேன்.

புது ஏற்பாடு. யாரையும் தூக்குவதில்லை, காட்டுவதில்லை. பின்வாசல் வலைக்கதவை மூடி வைப்பது. அந்தப் பக்கம் துரையின் தட்டு, இந்தப் பக்கம் பொன்னியின் தட்டு. ஒரே நேரத்தில் சாப்பாடு. அவரவர் பாடு.

மத்தியானம் நடந்தது. துரைக்குச் சோறும் வறுத்த நெத்திலியும் வைத்தேன். வழக்கம்போல் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலைக்கதவின் அடியில் கிழிசல், மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொன்னி தன் தட்டை முடித்துவிட்டு அந்தக் கிழிசலில் கையை விட்டாள். துரையின் தட்டிலிருந்து ஒரு நெத்திலி. இன்னொன்று. துரை தலையைத் திருப்பி அவள் கையையே பார்த்தது. ஒரு கடியில் அந்தக் கை போய்விடும்.

ஒன்றும் செய்யவில்லை. பொன்னி மென்று முடித்து, உதட்டை நக்கிக்கொண்டு போனாள். துரை எழுந்தது. தட்டு முழுக்க ஒரே மூச்சில் தின்றது. தட்டையே நகர்த்திக்கொண்டு போய் நக்கியது.

கொதிக்கக் கொதிக்க இன்னொரு பானை சோறு வடித்தேன்.

சனி 1-12

சோதனை செய்தேன். ஆசிரியை புத்தி போகுமா.

காலை: பொன்னியை அறைக்குள் வைத்துவிட்டுத் துரைக்குச் சோறு. தொடவில்லை. வேலியைப் பார்த்தது.
பிறகு பொன்னியை விட்டேன். கிழிசலில் கை. நெத்திலி. துரை உடனே சாப்பிட்டது.
மாலை: அதே போல்.

அவள் வாய் வைத்தால்தான் அது வாய் வைக்கிறது. பயமா? பயந்த நாய் மாதிரி இல்லை. சாப்பாட்டு மேசையில் பெரியவர் கை வைக்கட்டும் என்று காத்திருக்கிற விருந்தாளி மாதிரி இருக்கிறது. என்ன கணக்கு என்று புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, சாப்பிடுகிறது.

ஞாயிறு 2-12

ம. வரவில்லை. ஒர்க்ஷாப்பில் டிராக்டர் இரண்டு படுத்துவிட்டதாம், ஓவர்டைம். கிராணி வீட்டுக்கே வந்து சொன்னார். லோரியும் வரவில்லை. நல்லது. ஏமாற்றமும்தான். புதுச் சேலை கட்டியிருந்தேன், அதை லெ. பார்த்துவிட்டாள்.

செவ்வாய் 4-12

கோலா சிலாங்கூர் பசார். மீன் தலை, எலும்பு, கருவேப்பிலை, வலைக்கதவுக்குக் கம்பி. கம்பி வாங்கினேனே தவிரக் கிழிசலை அடைக்க மனமில்லை. பஸ்ஸில் எலும்பு நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்கார மக்சிக் ஒருவர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். யோசித்துவிட்டு, நாலு என்றேன்.

வலைக்கதவைத் திறந்து வைத்தேன், துரை சங்கிலியோடு. பொன்னி வாசற்படி வரை போனாள். துரை தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு. அவள் போய் மூக்கில் ஓர் அறை விட்டாள். நகம் இல்லாத அறை. திரும்பி வந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது.

துணிச்சல்காரி. என் பிள்ளை.

வெள்ளி 7-12

கார்த்திகை விளக்கு. அகல் போதவில்லை, தேங்காய்ச் சிரட்டையிலும் ஏற்றினேன். காற்று இல்லை, நன்றாக நின்றது.

விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது லயத்துப் பிள்ளைகள் தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த பட்டாசை எடுத்துவிட்டார்கள். சரம். துரை சங்கிலியை அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தது. சமையலறையில் வாளி உருண்டது. பிறகு என் அறைக்கதவு. பொன்னி அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். உள்ளே சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் பயம். உள்ளே போய்ப் பார்க்காமல் வாசலிலேயே முருகா முருகா என்று நின்றேன்.

போனேன். கட்டிலுக்கு அடியில் துரை, பாதி உடம்பு, மீதிக்கு இடமில்லை. கட்டில் மேல் பொன்னி, ஓரத்தில் உட்கார்ந்து, வெடிச் சத்தம் வரும் திசையைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தாள். நாயைப் பார்த்து இல்லை. அடுத்த சரம் வெடித்தது. துரை முனகியது. அவள் இறங்கி, அதன் முதுகை மோந்து, மறுபடி ஏறிக்கொண்டாள்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். விளக்கு இரண்டு அணைந்துவிட்டது, பரவாயில்லை. இன்றோடு சங்கிலி இல்லை.

ஞாயிறு 9-12

மாலை மழை. தலைவலி.

ம.வும் அவருடைய அக்காவும் வந்தார்கள். பாக்கியம் அக்கா, கோலா குபு பாருவிலிருந்து, ரவாங்கில் பஸ் மாறி, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அரிசி டின், சாமி மூலை, கிணற்றடி. எல்லாவற்றுக்கும் தலையாட்டல். நல்ல மனுஷி. குறை சொல்ல மனமில்லை, அதனாலேயே தலைவலி.

சாப்பாட்டு நேரம். நான் பெருமையாகக் காட்டினேன். துரைக்குச் சோறு வைத்தேன், துரை காத்திருந்தது, பொன்னி நிதானமாக வந்து ஒரு நெத்திலியை எடுத்துத் தின்றுவிட்டுப் போனாள், துரை சாப்பிட்டது. பார்த்தீர்களா, என் பூனை வாய் வைக்காமல் உங்கள் நாய் தொடாது என்றேன்.

அக்கா சட்டென்று சிரித்துவிட்டார். "சரோஜா வளத்த நாயில்ல? காக்காய்க்கு ஒரு பிடி வெச்சு, அது வந்து கொத்துனாத்தான் இது தட்டப் பாக்கும். காக்கா இல்லாம பூனையப் புடிச்சிக்கிருச்சு."

சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டார். ம. சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த வேலி புரிந்தது. அது பத்தாங் காலியையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. காகம் வருகிறதா என்று பார்த்திருக்கிறது. நான் காலையில் காப்பியும் ரொட்டியும் தின்றுவிட்டு ஓடுகிறவள். காகத்துக்குச் சோறு வைத்ததே இல்லை, அப்பா அம்மா திவசமெல்லாம் கிள்ளானில் அண்ணன் வீட்டோடு சரி. நாலு நாள் அந்த வாயில்லா ஜீவன் முறை தவறக் கூடாது என்று பட்டினி கிடந்திருக்கிறது. நான் அதற்கு அக்குள் சோறு கொடுத்திருக்கிறேன்.

பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: புது வீட்டில் பழையது எதுவும் வேண்டாம். சரோஜா படம், துணிமணி எல்லாம் அக்காவே தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அவள் பெயரை இங்கே எடுக்கக் கூடாது என்று தம்பியிடம் சத்தியமே வாங்கியிருக்கிறார். நாய் ஒன்றுதான் விட்டுப்போன சாமான். அதையும் சனிக்கிழமை, மார்கழிக்கு முதல் நாள், தவுக்கேயிடம் அனுப்பிவிட்டால் டீச்சர் மனசு சங்கடப்படாமல் இருக்கும். எல்லாம் எனக்காகத்தான். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அக்காவை பஸ் நிழற்குடையில் உட்கார வைத்துவிட்டு ம.விடம் கேட்டேன். அன்று போனில் ஏன் சொல்லவில்லை. நாய் பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தும்.

பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு, "சொன்னா அவ பேரச் சொல்லணும்" என்றார்.

பஸ் வந்துவிட்டது.

திங்கள் 10-12

வெயில். முறுக்கு நன்றாக இருக்கிறது. கோபத்தில் பாதி டின் தீர்ந்தது.

உள்ளதை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. தரகர் முதல் நாள் சொன்னபோதே எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர் அதைச் சொல்லாதபோது, உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. என்னிடம் சொல்லவில்லை, அதனால் மறந்துவிட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன். மறந்தவர் மூன்று வருடமாகத் தினமும் காலையில் எழுந்து காகத்துக்குச் சோறு வைக்க மாட்டார். நாய்க்காக வைத்தாராம், அக்கா சொன்னார். சரி, நாய்க்காகவே இருக்கட்டும்.

பிடிக்கவில்லை என்றேனே, அது இப்போது இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. ஒரு நாய்க்கு இவ்வளவு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தவள் மேல் எப்படிக் கோபப்படுவது? என் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள், மணி அடிப்பதற்குள் சோற்றைத் திறக்காதே என்றால் ஒருவன் கேட்பதில்லை.

பொன்னி இன்று துரையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தாள். சுற்றிப் போகச் சோம்பல்.

புதன் 12-12

ஆபீஸ். போன். கிராணி அதே ஃபைல்.

பேச வேண்டியதை முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் ஹலோ சொன்னதும் பாதி மறந்துவிட்டது. சொன்னது இவ்வளவுதான்: "மார்கழிக்குள்ள இந்த வீட்டுக்கு வர வேண்டியது இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அக்கா வீட்டுல இருக்கு. சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கிட்டு வாங்க."

பேச்சில்லை. இந்தத் தடவை நான் ஹலோ சொல்லவில்லை. காத்திருந்தேன். துரையிடம் கற்றுக்கொண்டதுதான்.

"படத்தயா?" என்றார்.

ஆமாம் என்றேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். டீச்சர் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போனுக்கான மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

கிராணி, என்ன டீச்சர், டி.வி.யா என்றார். படம் என்றதை வைத்துக் கேட்கிறார். ஆமாம், கறுப்பு வெள்ளை என்றேன்.

வெள்ளி 14-12

நாள் முழுக்கத் தூறல். மனசு எங்கேயும் நிற்கவில்லை. நாளைக்கு லோரி வருமா, படம் வருமா, இரண்டும் வருமா. துரையைக் குளிப்பாட்டினேன். போவதற்கா இருப்பதற்கா என்று தெரியாமலே குளிப்பாட்டினேன். சட்டை முழுக்க நுரை. பொன்னி தூர உட்கார்ந்து வேடிக்கை. பிறகு வந்து அதன் ஈரக் காதை, மடங்கிய காதை, இரண்டு நக்கு நக்கினாள். சோப்பு ருசி பிடிக்கவில்லை.

அனுப்பச் சொன்னால் நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். முடிவு செய்துவிட்டேன். கல்யாணமே நின்றாலும் சரி. இப்படி எழுதிவிட்டுக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

சனி 15-12

வானம் வெளுத்திருந்தது. கார்த்திகை கடைசி நாள்.

ஐந்தரைக்கே சோறு வடித்தேன், காலையில் சோறு, இந்த வீட்டில் முதல் தடவை. லோரிதான் முதலில் வந்தது. லோரிக்காரர் கயிற்றோடு இறங்கினார். காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். துரை கயிற்றைப் பார்த்தது, என் பின்னால் வந்து நின்றது. மறைகிறதாம். நான் அதில் பாதிகூட இல்லை.

முதல் பஸ். ம. இறங்கினார். அக்குளில் தட்டையாக ஒரு பொட்டலம், பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிச் சணல் கட்டி. லோரிக்காரரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். லோரிக்காரர் காப்பியைக் குடித்து முடித்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, தவுக்கேயிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்லா என்று போய்விட்டார்.

அக்கா அழுதாராம். பிறகு அவரே துடைத்துச் சுற்றிக் கொடுத்தாராம்.

வேலிக் கட்டையில் சோறு வைத்தேன். காகம் செம்பனை மட்டையில் உட்கார்ந்து பார்க்கிறது, வரவில்லை. ஏனென்றால் கட்டைக்குக் கீழே பொன்னி. துரை காகத்தைப் பார்க்கிறது. பொன்னிக்கு உள்ளே மீன் வைத்துக் கூப்பிட்டேன், அவள் போனாள், காகம் வந்தது, கொத்தியது, துரை திரும்பித் தன் தட்டுக்கு வந்தது. இனித் தினமும் இதுதான் வரிசை போலிருக்கிறது.

ம. என் பக்கத்தில் நின்று வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரோஜா ஒரு பிடிதான் வெப்பா. நீங்க நெறைய வெக்கிறீங்க."

முதல் தடவை. அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இப்போதுதான், அதுவும் என்னைக் குறை சொல்ல. நாளையிலிருந்து ஒரு பிடி என்றேன்.

படத்தில் அவள் இரட்டைச் சடை. என்னைவிடச் சின்னவள். மடியில் ஒரு குட்டி நாய், அப்போதே ஒரு காது மடங்கி.

மாட்ட ஆணி இல்லை. மெக்கானிக் வீட்டில் இரண்டு கருவிப் பெட்டி, ஓர் ஆணி இல்லை. இப்போதைக்கு அலமாரி உச்சியில் வைத்திருக்கிறோம். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, பொன்னி கீழே துரை முதுகில் சாய்ந்து தூங்குகிறாள்.